அத்தை மறித்த பஸ்

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அவர்கள் வந்த பஸ்ஸை விருத்தாசலம் பாலக்கரையில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தது வேறு யாருமில்லை, எங்கள் அத்தைதான். அப்போது நான் அவள் மடியில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் காதுகுத்து, வளைகாப்பு என்று நாலு பேர் கூடினால் இன்றைக்கும் யாராவது இந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். சொல்கிறவரைப் பொறுத்து அதில் வெயில் ஏறும், நின்ற பஸ்கள் கூடும், போலீஸ்காரர்கள் பெருகுவார்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில் அத்தையோடு கூட இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். எனக்கு அப்போது ஏழு வயது.

அத்தை அப்பாவின் தங்கை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, வயல் வேலைக்குப் போகும் கூலிக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்து, அதிலேயே முழு நேரமும் இருந்துவிட்டாள். காலையில் அப்பா செராமிக் கம்பெனிக்குக் கிளம்பும்போது அத்தையும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்துக்குக் கிளம்பிவிடுவாள். சாயங்காலம் அப்பா உடம்பெல்லாம் வெள்ளை மாவோடு திரும்புவார். அத்தை செம்மண் புழுதியோடு திரும்புவாள். இரண்டு பேர் துணியையும் அம்மா தனித்தனி வாளியில் ஊறப்போட்டு, இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள். கிராமத்துப் பெண்கள் அத்தையைத் "தோழரு" என்று கூப்பிடுவார்கள். அவளுடைய பெயரே அதுதான் என்று நான் வெகு நாள் நினைத்திருந்தேன்.

அத்தைக்கு வயது முப்பத்தொன்று ஆகியிருந்தது. அதற்கு முன்பு வந்த வரன்களெல்லாம் ஒரே கேள்வியில் முடிந்துபோயின. கடைசியாக வந்தவரின் சித்தப்பா, "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கொடி புடிக்கிறதெல்லாம் இருக்காதுல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அத்தை காபித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இருக்கும்" என்றாளாம். காபி கூட முழுதாகக் காலியாகவில்லை என்று அம்மா சொல்லுவாள். அத்தைக்குக் கல்யாணத்திலேயே விருப்பமில்லை என்று குடும்பத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்து வரனைக் கொண்டுவந்தவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. மாமா பொய் சொல்லமாட்டார். உண்மையையே கொஞ்சம் திருப்பி வைத்துக் காட்டுவார். "பொண்ணு தெனமும் தாலுக்கா ஆபீஸுக்குப் போயிட்டு வருது. தாசில்தாரே பேரு தெரிஞ்சு வெச்சிருக்காருன்னா பாத்துக்குங்க" என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். ஒரு வார்த்தை பொய்யில்லை. அத்தை மனுக்களோடு தினமும் அந்த ஆபீஸ் வாசலில்தான் நின்றாள். தாசில்தாருக்கும் அவள் பெயர் நன்றாகத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை ஏதோ ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். தகப்பனார் இல்லை, அம்மாவும் அக்காவும்தான். அவருடைய போட்டோ ஒரு பழுப்புக் கவரில் வந்தது. "ஆளே நேருல வரப்போறாரு, போட்டோவ எதுக்குப் பாக்கணும்?" என்று அத்தை அதைப் பிரிக்கவே இல்லை. இங்கிருந்து அவர்களுக்குப் போன போட்டோவில் அத்தை பன்னிரண்டாம் வகுப்பு மாணவியாக இரட்டைப் பின்னலோடு நின்றிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடிந்து பன்னிரண்டு மணிக்குமேல் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அத்தைக்கும் அதே வெள்ளிக்கிழமை வேறு ஒரு வேலை இருந்தது.

எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கம் ஒரு ஊர். அந்த ஊருக்கு டவுன் பஸ் உண்டு. ஆனால் பஸ் ஊருக்குள் வந்து மாரியம்மன் கோயில் முன்னால் திரும்பிப் போய்விடும். அங்கிருந்து ஒன்றரை மைல் தள்ளி இருந்த காலனிக்கு வராது. காலனிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு தூரம் நடந்து வந்து பஸ் ஏற வேண்டும். மழைக்காலத்தில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடும். அஞ்சலை என்ற பெண்ணுக்கு வலி கண்டு, பஸ் ஏறுவதற்காக நடத்திக் கூட்டிவந்தபோது பாதி வழியில் புளியமரத்தடியிலேயே பிள்ளை பிறந்தது. காலனி வரைக்கும் தார் ரோடு இருந்தது. பஸ் திரும்புவதற்கு இடமும் இருந்தது. ஆனால் பஸ் காலனியிலிருந்து புறப்பட்டால், அது ஊருக்குள் வரும்போது ஸீட்டுகளில் காலனிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்க, தாங்கள் நின்றுகொண்டு வருவதா என்பது ஊரில் சிலருக்கு இருந்த மனக்குறை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "சாலை வசதி போதாது" என்று பேப்பரில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியனுப்பிய மனுக்கள் பலிக்காமல், அந்த வெள்ளிக்கிழமை மறியல் செய்வது என்று பெண்கள் காலனியில் கூடி முடிவெடுத்தார்கள். பெண் பார்க்கும் நாள் அதற்குப் பிறகுதான் குறிக்கப்பட்டது. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்ட தேதியை மாற்ற முடியாது என்று அத்தை சொல்லிவிட்டாள்.

காலையில் வாசலில் பெரிய வாக்குவாதம். அப்பா புதுக் கப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் புழங்கியதெல்லாம் கம்பெனியில் கழித்துப்போட்ட சாமான்கள்: சூளையில் கோணிப்போன கப், காது ஒட்டாத ஜாடி. அன்றைக்காகத்தான் அப்பா பழுதில்லாத கப்புகள் ஆறு வாங்கி வந்திருந்தார்.

"ஒம்போது மணிக்கு உக்காந்தா பத்துக்குள்ள ஆபீசரு வந்துருவாரு. பதினொண்ணுக்கெல்லாம் வூட்டுல இருப்பேன் அண்ணி" என்றாள் அத்தை.

அம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அத்தையிடம் கொடுத்தாள். "அப்பன்னா இவளையும் கூட்டிகிட்டுப் போ. புள்ள பசி தாங்காது. அதுக்காவவாவது நேரத்துக்கு வந்துருவ."

இப்படியாக என்னை ஜாமீனாக எடுத்துக்கொண்டு அத்தை சைக்கிளில் ஏறினாள்.

ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய மறியல் பத்தரைக்குத்தான் தொடங்கியது. பெண்கள் வரவேண்டிய பஸ் வழியில் நின்றுவிட்டதாம். பஸ் கேட்டுப் போராட வருகிறவர்களுக்கே பஸ் இல்லை என்று அத்தை சொல்லிச் சிரித்தாள். ஆனால் அடிக்கடி எதிர்க் கடையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் நாற்பது ஐம்பது பேர் வந்து இறங்கினார்கள். அஞ்சலை இடுப்பில் அந்தப் புளியமரத்துப் பிள்ளையோடு வந்தாள். எல்லோரும் பாலக்கரையில் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். அத்தை ஒரு சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தாரின்மேல் விரித்து என்னை உட்கார வைத்தாள். அதிலும் சூடு ஏறியதும் நான் அவள் மடிக்குத் தாவிவிட்டேன்.

"வேண்டும் வேண்டும்!" என்று அத்தை கத்துவாள். "பஸ்ஸு வேண்டும்!" என்று எல்லோரும் கத்துவார்கள். சத்தம் போட்டால் அடி விழாத ஒரு இடத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஒரு கிழவி என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்து, "தோழரு, இது உன்னையே மிஞ்சிரும் போலக்குது" என்றாள்.

இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியுமாக நின்றுவிட்டன. அதில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த பஸ்ஸும் ஒன்று. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதிலிருந்து பட்டுப் புடவை கட்டிய ஒரு வயசான அம்மா இறங்கி வந்தாள். பின்னால் கையில் பழப்பையும் குடையுமாக ஒல்லியான ஒரு ஆள் வந்தார். அந்த அம்மா நேராக அத்தையிடம் வந்து நின்றாள்.

"ஏம்மா, நாங்க ஒரு நல்ல காரியத்துக்குப் போய்க்கிட்டு இருக்கோம். நேரம் தவறிடப் போவுது. எங்க பஸ்ஸுக்கு மட்டுமாவது வழி உடும்மா."

அத்தை எழுந்து நின்று கும்பிட்டாள். "நல்லபடியா நடக்கும்மா, கவலப்படாதீங்க. ஆபீசரு வந்து ஒரு வார்த்த சொன்னாருன்னா உடனே எழுந்துருவோம். அதுவரைக்கும் அந்தக் கட நெழல்ல உக்காருங்க. தண்ணி தரட்டுங்களா?"

"தண்ணியும் வாணாம், ஒண்ணும் வாணாம். பொம்பளைங்களா லட்சணமா வூட்டுல இல்லாம நடுரோட்டுல இப்படி உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்குதும்மா" என்றாள் அத்தை. அவள் குரலில் கோபமே இல்லை. "ஆனா இவளுக்கு நடுவழியில புள்ள பொறந்துச்சு. அன்னிக்குப் பட்ட வெக்கத்துக்கு இது எவ்வளவோ பரவாயில்ல."

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டே நிழலுக்குப் போய்விட்டாள். கூட வந்த ஆள் மட்டும் போகவில்லை. குடையை விரித்து என் தலைக்குமேல் பிடித்தார். பிறகு பையிலிருந்த பூவன் பழச் சீப்பிலிருந்து ஒன்றைப் பிய்த்து என்னிடம் கொடுத்தார்.

நிழலிலிருந்து அந்த அம்மா கத்தினாள். "அடேய், பொண்ணு வூட்டுக்குன்னு வாங்குனதுடா! சீப்பப் பிரிச்சிட்டியே!"

"கொழந்த வெயில்ல உக்காந்திருக்குதும்மா" என்றார் அவர்.

நான் பழத்தை உரித்துத் தின்றேன். அத்தைக்கென்று வந்த சீர்வரிசையில் முதல் பழத்தை அத்தை மடியிலேயே உட்கார்ந்து தின்றவள் நான்தான்.

எந்த ஊருக்குப் பஸ் கேட்கிறீர்கள் என்று அவர் அத்தையிடம் விசாரித்தார். அத்தை சொன்னாள். தன்னுடைய பள்ளிக்கூடத்துக்கும் காலனிப் பிள்ளைகள் அப்படித்தான் நடந்து வருகிறார்கள் என்றும், முதல் மணி அடித்தபின் வந்தாலும் தான் ஆஜர் போட்டுவிடுவதாகவும் அவர் சொன்னார். "அதுக்குப் பதிலா ஒரு மனு எழுதியிருக்கலாமுல்ல சார்?" என்று அத்தை கேட்டாள். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டு, "எழுதிருக்கலாங்க. எப்படி எழுதறதுன்னு தெரியல" என்றார். அத்தை உடனே, யாருக்கு எழுத வேண்டும், நகல் யாருக்கு அனுப்ப வேண்டும், கடைசியில் என்ன கேட்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். நடுவில் எதற்கோ அத்தை சிரித்தாள். கோஷம் போடுவதை விட்டுவிட்டு இரண்டு பேரும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தது எனக்கு மிகவும் அலுப்பாக இருந்தது.

பன்னிரண்டு மணிவாக்கில் ஆபீசருக்குப் பதிலாகப் போலீஸ்தான் வந்தது. பெண் போலீஸ்கள் கையைப் பிடித்து எழுப்ப, பெண்கள் கோஷம் போட்டுக்கொண்டே வேனில் ஏறினார்கள். என்னை ஒரு போலீஸ் அக்கா தூக்கியபோது ஒரு கால் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. வேன் நகரும் சமயம் அந்தக் குடைக்காரர் ஓடிவந்து ஜன்னல் வழியாக அதை நீட்டினார். அத்தை வாங்கிக்கொண்டாள்.

எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மறியலில் கைதானவர்களைச் சாயங்காலம் வரைக்கும் இப்படி மண்டபத்தில் வைத்திருந்து விடுவது வழக்கம். இது எனக்குத் தெரியாது. இந்த வரன் முடிந்தால் மண்டபம் பிடிக்க வேண்டும் என்று வீட்டில் பேசியது மட்டும் தெரியும். மேடையில் யாருடைய கல்யாணத்துக்கோ ஒட்டிய தெர்மாகோல் எழுத்துகள் பாதி உதிர்ந்து மிச்சமிருந்தன. வாசலில் காய்ந்த வாழைமரம் இருந்தது. ஆகவே அத்தைக்கு இப்போதே கல்யாணம் நடக்கப் போகிறது என்று நான் புரிந்துகொண்டேன். மாப்பிள்ளை எங்கே என்று அஞ்சலையிடம் கேட்டேன். "அதோ நிக்கிறாரு பாரு" என்று அவள் வாசலில் மீசையோடு நின்ற இன்ஸ்பெக்டரைக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெண்கள் மின்விசிறியைப் போட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்தார்கள். சிலர் பேன் பார்த்தார்கள். பகல் நேரத்தில் வேலையில்லாமல் ஃபேனுக்குக் கீழே படுப்பது இதுதான் முதல் தடவை என்று ஒருத்தி சொன்னாள். போலீஸ் வாங்கிக் கொடுத்த சாம்பார் சாதப் பொட்டலத்தை நான் இரண்டு தின்றேன். அத்தை தன்னுடையதைப் பிரிக்கவில்லை. போலீஸ் அக்காவிடம் போய் மணி கேட்டாள். குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். யாரிடமோ சீப்பு வாங்கித் தலை வாரினாள். கசங்கிய புடவையின் மடிப்பை எடுத்து மறுபடியும் செருகினாள். திரும்பவும் மணி கேட்டாள்.

"எதுக்கு உங்க அத்த மணி கேட்டுகிட்டே இருக்காங்க?" என்று போலீஸ் அக்கா என்னிடம் விசாரித்தாள்.

"இன்னிக்கு எங்க அத்தையப் பொண்ணு பாக்க வராங்க" என்று சொல்லிவிட்டேன்.

போலீஸ் அக்காவின் முகம் மாறிவிட்டது. நேராக இன்ஸ்பெக்டரிடம் போய் ஏதோ சொன்னாள். இன்ஸ்பெக்டர் அத்தையைக் கூப்பிட்டார். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? எனக்கும் பொண்ணு இருக்குது. நீங்க கொழந்தையைக் கூட்டிகிட்டுக் கெளம்புங்க. மத்தவங்களை ஆபீசருங்க வந்து பேசுனதும் அனுப்பிடறோம்."

விஷயம் தெரிந்ததும் மண்டபமே எழுந்துவிட்டது. "போ தோழரு, போ! எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?" என்று அந்தக் கிழவி அத்தையை அடிக்காத குறையாகத் தள்ளினாள். அஞ்சலை தன் தலையிலிருந்த ஒரு துண்டுக் கனகாம்பரத்தை எடுத்து அத்தையின் தலையில் செருகினாள். அத்தை பையை எடுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்தாள். நாங்கள் வாசல்வரை வந்துவிட்டோம்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் கேட்டாள். "அக்கா, ஆபீசரு வந்து பேப்பர் குடுத்தா நாங்க கைநாட்டு வெக்கலாமா?"

அத்தை நின்றாள். அங்கிருந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அநேகமாக அத்தை ஒருத்திதான். அவள் கை என் கையை இறுக்கிப் பிடித்ததில் எனக்கு வலித்தது. பிறகு விட்டுவிட்டாள். இன்ஸ்பெக்டரிடம், "புள்ளையை மட்டும் வூட்டுல உட்டுருங்க சார். நான் இவங்களோடவே வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அழுது புரண்டேன். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

போலீஸ் ஜீப்பில் நான் எங்கள் தெருவுக்குள் வந்து இறங்கினேன். தெருவே வெளியே வந்து பார்த்தது. வீட்டுக்குள் பெண் பார்க்க வந்தவர்கள் புதுக் கப்பில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ஆபீஸ் வேலையாகப் போயிருப்பதாகவும், இதோ வந்துவிடுவாள் என்றும் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே நுழைந்ததும் அவர் பேச்சு அப்படியே நின்றது.

"அத்தையப் போலீஸ் மண்டபத்துல வெச்சிருக்காங்க. நான் மட்டும் வந்துட்டேன்" என்று அறிவித்தேன். பிறகுதான் எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, இந்த மாமாதாம்மா எனக்குப் பழம் குடுத்தாரு!"

பட்டுப் புடவை அம்மா மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெதுவாகக் கப்பைக் கீழே வைத்தாள். "ரோட்டுல உக்காந்திருந்துச்சே, அந்தப் பொண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அவள் எழுந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அக்காவும் எழுந்தாள். அவர்களோடு வந்திருந்த பெரியவர் மாமாவைத் தனியாகத் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனார். வாத்தியார் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உங்க அத்த சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அவருடைய அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டதும் எழுந்து, அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அத்தை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். நான்கு மணிக்கு ஆபீசர்கள் வந்தார்களாம். முதலில் கொண்டுவந்த பேப்பரில், காலனி வரை பஸ் விடுவது "குறித்துப் பரிசீலிக்கப்படும்" என்று இருந்ததாம். அத்தை அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம்னு இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்" என்று கேட்டாளாம். "திங்கட்கிழமை முதல் இயக்கப்படும்" என்று மாற்றி எழுதி வாங்கிய பிறகுதான் பெண்கள் கைநாட்டு வைத்தார்களாம்.

இதையெல்லாம் கேட்கும் நிலையில் அம்மா இல்லை. வந்தவர்கள் யார், எந்தப் பஸ்ஸில் வந்தார்கள், எங்கே நின்றார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். அத்தை குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமல் வெகு நேரம் அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கொட புடிச்சாரே, அவரா?" என்றாள். நான் தலையாட்டினேன். அத்தை சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். கல்யாணத்திலிருந்து தப்பிப்பதற்காகவே அவள் ஜெயிலுக்குப் போய்விட்டாள் என்று அம்மா அன்று சொன்னதுதான் பிறகு எங்கள் வீட்டுக் கதையாகிவிட்டது.

திங்கட்கிழமை பஸ் காலனிக்குப் போனது. முதல் வாரம் ஊருக்குள் ஒரு நாள் கண்ணாடியை உடைத்தார்கள். போலீஸ் காவலோடு ஓடியது. பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பஸ் காலனியிலிருந்துதான் புறப்படுகிறது. அத்தைக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சைக்கிள் போய் ஒரு பழைய டி.வி.எஸ். வந்திருக்கிறது. முழங்கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு இப்போதும் வேப்பூர்ப் பக்கம், மங்களூர்ப் பக்கம் என்று காலையில் கிளம்பிவிடுகிறாள்.

வீட்டில் சொல்லும் கதை இத்தோடு முடிந்துவிடும். மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

மறுநாள் எனக்குத் தலை பின்னிவிடும்போது அத்தை, "நேத்து அவரு உன்கிட்ட ஏதாவது கேட்டாரா?" என்றாள். உங்க அத்தை சாப்பிட்டார்களா என்று கேட்டார் என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். எங்கள் வீட்டில் என்னை ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னவர்கள் யாருமில்லை. எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. மூன்றாம் தடவை கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அத்தையின் பெயரைக் கேட்டார் என்றேன். அடுத்த தடவை, மனு எழுதிவிட்டதாகச் சொல்லச் சொன்னார் என்றேன். அத்தை கேட்கக் கேட்க எனக்கு ஊறிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு நாள், "ஒரு ஞாயித்துக்கெழம தனியா வரேன்னு உங்க அத்தகிட்ட சொல்லுன்னாரு" என்று சொல்லிவிட்டேன்.

என் தலையில் சீப்பு நின்றது. "நெஜமாவா பாப்பா?"

"சாமி சத்தியமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் அத்தைக்கு வேலை அதிகம். கூலிக்காரர்கள் வீட்டில் இருக்கும் நாள் என்பதால் அன்றைக்கு இரண்டு மூன்று கூட்டமாவது இருக்கும். நான் அப்படிச் சொன்ன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கும் போகவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னலோரம் பேப்பரோடு உட்கார்ந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. அம்மா ஆச்சரியப்பட்டுக் கறி எடுத்துச் சமைத்தாள். நான் பல்லாங்குழியை எடுத்துக்கொண்டு போய் அத்தையின் எதிரில் உட்கார்ந்துவிடுவேன். தெருவில் யாராவது நடந்து வரும் சத்தம் கேட்டால் அத்தை ஜன்னல் பக்கம் திரும்புவாள். அந்தச் சமயம் பார்த்து நான் அவளுடைய குழியிலிருந்து காய்களை அள்ளிக்கொள்வேன். அவள் கவனிக்கமாட்டாள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நானே ஜெயித்தேன்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை மாமா வந்திருந்தார். அந்த வாத்தியாருக்குத் திட்டக்குடிப் பக்கம் பெண் பார்த்து நிச்சயம் ஆகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அத்தை உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் பல்லாங்குழியோடு வந்தபோது அத்தை சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதேன்.

"கூட்டம் இருக்குது பாப்பா. எல்லாரும் காத்துகிட்டு இருப்பாங்க. போயிட்டு வரேன்" என்றாள். குனிந்து என் கண்ணைத் துடைத்துவிட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்னோடு விளையாடுவதற்காகத்தான் அத்தை அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டில் இருந்தாள் என்று நினைத்திருந்தேன்.